குப்பையிலிருந்து ஒரு குதிரை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பஸ் வராத வேளையில் அது காசிக்கும் ராமேசுவரத்துக்கும் உள்ள தூரமாகிவிடுகிறது. சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அவ்வழியிலுள்ள ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தத் தூரத்தை மனத்தினால் அளந்துகொண்டிருந்தேன். நிறுத்தத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. தமிழ்நாட்டில் எந்த நிறுத்தத்துக்கும் அந்த வர்ணனை பொருந்தும்.

அங்கே ஓர் இரும்புப் பெஞ்சு இருந்தது. அதன் நான்கு கால்களில் ஒன்று முழங்காலை மடக்கிக்கொண்டு ஓய்வெடுத்தது. அந்தப் பெஞ்சின்மீது ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, “ஹை! ஹை!” என்று விரட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சும் தன்னால் இயன்றவரை ஆடிக் கொடுத்தது.

“இறங்கடா கீழே! பெரியவர் உட்காரும் இடம்!” என்று அவனுடைய பாட்டி அதட்டினாள்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மிகுந்த மரியாதையுடன், “தாத்தா, நீங்களும் பின்னாலே ஏறிக்கோங்க, குதிரை கிளம்பப் போகுது!” என்றான்.

நான் ஏறிக்கொண்டேன். குனிந்து பார்த்தபோது, குதிரையின் வயிற்றுக்குக் கீழே அதற்குத் தீனி போட்டது போல ஒரு குவியல் கண்ணில் பட்டது. தண்ணீர்ப் பாட்டில்கள், பலகாரப் பைகள், பால்கோவா தின்று எறிந்த டப்பாக்கள் எல்லாம் அதில் இருந்தன. பெஞ்சுக்கு மேலே விளையாட இடமில்லாத ஒரு குழந்தை. பெஞ்சுக்குக் கீழே போக இடமில்லாத பிளாஸ்டிக். இந்த இரண்டு கஷ்டங்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

நேயர்களே, இது பகற்கனவு அன்று. ஹாலந்து தேசத்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்கென்று இப்படி ஒரு பெஞ்சு செய்து காட்டியிருக்கிறார்கள். ராட்டர்டாமைச் சேர்ந்த ‘தி நியூ ரா’ என்னும் கட்டிடக் கலைஞர் குழுவினர், நகரத்தின் பிளாஸ்டிக் கழிவை உருக்கி, ஓர் இயந்திரத்தின் வழியே முறுக்குப் பிழிவதுபோலப் பிழிந்து, அடுக்கடுக்காக ஏற்றி அதை வார்த்தெடுத்தார்கள். பெஞ்சின் நீளம் ஒன்றரை மீட்டர். எடை 50 கிலோ. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் ஓர் ஆண்டில் சராசரியாக 23 கிலோ பிளாஸ்டிக் குப்பை சேர்க்கிறார் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே ஏறக்குறைய இரண்டு பேரின் ஒரு வருஷத்துக் குப்பையிலிருந்து ஒரு பெஞ்சு கிடைத்துவிடுகிறது.

அதில் வேடிக்கை வேறொன்று உண்டு. அந்தப் பெஞ்சின் அடிப்பாகம் வளைந்திருக்கும். ஆகையால் அது ஆடும். இருபுறமும் உட்காருகிறவர்கள் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டால்தான் சமநிலை கிட்டும். முன்பின் அறியாத இருவரைப் பேச வைப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் உண்டா? நம் சட்டசபைகளுக்கு முதலில் சில அனுப்பலாம்!

“இதெல்லாம் மேனாட்டு மோஸ்தர்; நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நம்முடைய பழைய கோயில் மண்டபங்களில் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். தளக்கற்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களும் பல்லாங்குழிக் குழிகளும் கீறியிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எத்தனை தலைமுறை வழிப்போக்கர்களின் அலுப்பைத் தீர்த்திருக்கின்றன! நெல்லையப்பர் கோயில் தூண்கள் தட்டினால் இசைக்கின்றன. தென்பாண்டிக் கிராமங்களில் இளவட்டக்கல் இளைஞர்களின் தோளை அழைத்தபடி ஊர் நடுவே கிடந்தது. பிரசவத்தில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டு, தன் துக்கத்தையே பிறருடைய சௌகரியமாக்கிய சமூகம் நம்முடையது. பொது இடத்திலுள்ள ஒரு பொருள் மனிதனுடைய கைக்கும் தோளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

அதிலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விளையாட்டைப் பற்றிப் பிறர் உபதேசம் செய்யலாமா? குழந்தைக் கண்ணன் தவழ்வதையும் கைகொட்டுவதையும் பருவம் பருவமாகப் பாடி மகிழ்ந்த பெரியாழ்வாரின் ஊர் அது. தாங்கள் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமிகள் கண்ணனை வேண்டிக்கொள்வதாக ஆண்டாள் பாடியதும் அந்த ஊரில்தான். அன்று சிற்றிலைச் சிதைக்க வந்தவன் கண்ணன். அவனும் விளையாட்டாகத்தான் வந்தான். இன்று மணலே இல்லாமல் செய்துவிட்ட நாம் எந்த வகையில் வந்தோம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும்.

சரி, செய்வதற்கு ஆட்கள் உண்டா? உண்டு. மதுரைத் தியாகராஜர் பொறியியற் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லிக்கற்களின்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளை இளக்கிப் பூசி, தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டார். 2002-ஆம் ஆண்டில் தம் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலையும் போட்டார். பின்னர் கல்லையும் பிளாஸ்டிக்கையும் கூட்டி ‘பிளாஸ்டோன்’ என்னும் தளக்கல்லையும் உண்டாக்கினார். 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் அதே விருதைப் பெற்ற இன்னொருவர் அரவிந்த் குப்தா. தீக்குச்சியையும் பழைய செய்தித்தாளையும் காலிப் பாட்டிலையும் கொண்டு குழந்தைகளுக்கு விஞ்ஞான பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒருவர் குப்பையைக் கல்லாக்கினார். மற்றவர் குப்பையைக் களிப்பாக்கினார். இந்த இருவருடைய வித்தைகளும் ஒரு பெஞ்சின்மீது சந்திக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெங்களூரிலிருந்து பணிபுரியும் ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ என்ற ஸ்தாபனத்தார் தேய்ந்த டயர்களை யானையாகவும் ஊஞ்சலாகவும் மாற்றி, இந்தியாவின் பல ஊர்களில் விளையாட்டிடங்கள் அமைத்திருக்கிறார்கள். டயர் ரப்பர்தானே, பிளாஸ்டிக் அல்லவே என்றால் உண்மைதான். ஆனால் எறிந்த பொருளுக்குக் குழந்தை மறுபிறவி கொடுக்கும் என்ற தத்துவம் ஒன்றே.

உற்சாகத்தில் நிதானம் இழக்கலாகாது. பிளாஸ்டிக் என்பது ஒரே வஸ்து அன்று. ஒரு பெரிய குடும்பம். அக்குடும்பத்தில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. தண்ணீர்ப் பாட்டில் ஒரு வகை. அதன் மூடி வேறொரு வகை. மூடி உருகுவதற்கு 130 முதல் 165 டிகிரி சென்டிகிரேடு வரை போதும். பாட்டிலுக்கோ ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே கொப்பரையில் போட்டுக் கிண்டினால் பலகை பொருக்குப் பொருக்காக உடையும். பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று தவறி விழுந்து சூடு மிகுந்தாலோ, ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பி நெஞ்சை அரிக்கும். ஆகையால் முதல் வேலை உருக்குவது அன்று, தரம் பிரிப்பது. அதைச் செய்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களுக்குக் கையுறையும், காற்றோட்டமான கொட்டகையும், நியாயமான கூலியும் தராமல் பூங்காவில் வண்ணப் பெஞ்சு போடுவது, ஒரு குழந்தையின் சிரிப்புக்கு இன்னொருவருடைய சுவாசத்தை விலையாகக் கொடுப்பதாகும்.

இரண்டாவது, நம் வெயில். சூரியனுடைய புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நாளடைவில் நொறுங்கச் செய்யும். உதிரும் தூள் மண்ணில் சேரும். கரிப்பொடி கலந்தால் அந்தச் சேதம் குறையும். ஆனால் கருநிறப் பெஞ்சு சித்திரை மாதத்தில் தோசைக்கல்லாகிவிடும். எனவே ஆடும் பெஞ்சுக்கு ஒரு வேப்பமரம் துணை வேண்டும். பாரம் தாங்கியபடியே இருந்தால் பிளாஸ்டிக் பலகை மெல்ல மெல்லத் தொய்யும்; ஆதலால் மரப்பலகைக்கு வைப்பதைவிட நெருக்கமாகக் கால்கள் வைக்க வேண்டும். 3½ அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குக் கீழும் உள்ள சந்துகளில் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது விளையாட்டிடப் பாதுகாப்பு நிபுணர்களின் எச்சரிக்கை. ஆடும் பொருளுக்கு அடியில் பிஞ்சு விரல் அகப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் பெரியது. “பெஞ்சுதான் செய்கிறார்களே!” என்று நாம் இன்னும் தாராளமாகப் பையையும் பாட்டிலையும் எறியத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. பஞ்சாலைகளால் பேர் பெற்றது ராஜபாளையம், ஸ்ரீமான் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே மில் நிறுவியது 1936-ஆம் ஆண்டில். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் துணி எங்கெங்கோ உள்ள காயங்களுக்குக் கட்டாகிறது. இப்படிப்பட்ட சீமையில் துணிப் பைக்குப் பஞ்சம் என்று சொன்னால் பஞ்சே சிரிக்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் துணிப்பை; அதன் பிறகும் மிஞ்சுகிற குப்பைக்கு மட்டும் பெஞ்சு. குப்பை கிடைக்காமல் பெஞ்சு வேலை நின்றுபோகும் நாள் வந்தால் அதைவிட ஆனந்தம் வேறில்லை.

விலையுயர்ந்த இயந்திரத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தரம் பிரித்த பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்திப் பலகையாக வார்த்துவிட்டால், உள்ளூர்த் தச்சரே மரத்தைப் போல அதை அறுக்கலாம், துளையிடலாம், முடுக்கலாம். ஆடும் பெஞ்சு ஒன்று. ஆடுபுலிக் கட்டம் செதுக்கிய மேஜை ஒன்று. கையால் தட்டினால் வெவ்வேறு சுரம் தரும் குழாய் வரிசை ஒன்று. முழங்கால் வலிக்காரர்களுக்காகக் கைப்பிடியுடன் ஆடாத பெஞ்சும் ஒன்று. இரு நகரசபைகளும் பூங்காவுக்கு இவ்வளவு என்று தொடங்கலாம். உடைந்தால் யார் பழுது பார்ப்பது என்பதையும் அன்றே எழுதி வைத்துவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர் ஒரு நாள் வருகிறார். திருகாணியை முடுக்குகிறவர் அல்லவா மாதந்தோறும் வர வேண்டும்!

இத்தகைய காரியங்களுக்குப் பெரும் செல்வம் தேவை என்று நினைப்பதும் தவறு. டேனிஷ் நாட்டில் ஸோரென்ஸன் என்பவர் 1943-ல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் நடுவே, வேண்டாத பலகைகளையும் பழைய சாமான்களையும் குவித்து எம்ட்ரூப் என்ற இடத்தில் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். யுத்தம் முடிந்து நலிந்து கிடந்த ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947-ல் தொடங்கி, காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் எழுநூறுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்கள் அமைத்தார். ராஜபாளையத்தின் புதல்வரும், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தவருமான ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு அளித்தார். வீட்டையே தந்த ஊரில் ஒரு தெருமுனையும் ஒரு மரநிழலும் கிடைக்காமலா போகும்?

அன்று பஸ் ஒருவழியாக வந்து சேர்ந்தது. பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு ஏறினாள். அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “தாத்தா, குதிரையைப் பாத்துக்கோங்க!” என்று கூவினான்.

அவன் ஒப்படைத்துவிட்டுப் போன பொறுப்பை நான் தனியாகச் சுமக்க முடியாது. ஆகையால் நேயர்களாகிய உங்களிடமும் அதில் ஒரு பங்கைத் தந்துவிட்டேன்.