கிதாருக்குக் கம்ப்ரஸ்ஸர்: பெடல் வாங்கும் முன் கம்ப்யூட்டரில் கேளுங்கள்

‘கம்ப்ரஸ்’ என்றதும் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நமக்கு நினைவுக்கு வருவது ஸிப் பைல்தான். பெரிய பைலைச் சுருக்கி மெயிலில் அனுப்புகிறோம். பாட்டை எம்பி3 ஆக மாற்றினாலும் பைலின் அளவு குறைகிறது. ஆனால் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் சொல்லும் கம்ப்ரஸ்ஸர் இந்த இரண்டும் அல்ல. அது பைலின் அளவைத் தொடுவதே இல்லை. ஒலியில் உரத்த இடத்திற்கும் மெல்லிய இடத்திற்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் சிறிய பெட்டியைக் காலால் மிதித்து இயக்குவதால் பெடல் என்கிறார்கள்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஓய்வு நேரத்தில் கிதார் வாசிக்கிறேன். சொந்த ஊரான புதுக்கோட்டைக்குப் போகும்போது, புதிதாகக் கிதார் வாங்கிய மாணவர்கள் “கம்ப்ரஸ்ஸர் பெடல் வாங்கலாமா அண்ணா?” என்று கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். அதற்குப் பணம் கொடுக்கும் முன், அதே வேலையை உங்கள் கம்ப்யூட்டரில் செய்து கேளுங்கள். பெடலை வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரித்த பிறகுதான் ஒலியைக் கேட்க முடியும். கம்ப்யூட்டரோ ஏற்கெனவே உங்கள் மேஜையில் இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்ரஸ்ஸரில் த்ரெஷோல்ட் என்ற எல்லையை மைனஸ் 20 டெசிபல் என்றும், ரேஷியோவை 4:1 என்றும் வைக்கிறீர்கள். நீங்கள் ஓங்கி அடித்த ஸ்வரம் மைனஸ் 8-ல் வருகிறது. அதாவது எல்லையை விட 12 டெசிபல் அதிகம். கம்ப்ரஸ்ஸர் அந்த 12-ஐ 3 ஆக்கி, மைனஸ் 17-ல் வெளியே விடும். மெல்ல வாசித்த ஸ்வரம் மைனஸ் 30-ல் இருந்தால் அதைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே 22 டெசிபலாக இருந்த இடைவெளி இப்போது 13.

பிறகு மொத்த ஒலியையும் 9 டெசிபல் உயர்த்தினால் ஓங்கி அடித்தது பழைய இடத்திற்கே வரும். மெல்லியது முன்னைவிட உரக்கக் கேட்கும். ஒன்றை மறக்காதீர்கள். பின்னால் இருக்கும் இரைச்சலும் அதே 9 டெசிபல் உயரும். வீட்டில் எர்த் சரியில்லாமல் ஏற்கெனவே ‘ம்ம்ம்’ என்ற சத்தம் வந்தால், கம்ப்ரஸ்ஸர் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் 2000-ம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 2024-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஸ்ஸரின் அளவுகளை மாற்றிக் கேட்கலாம்.

கிதாரை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். கிதாருக்கும் அதற்கும் பொருந்தாது; ஒலி மங்கிவிடும். கிதாருக்கான இன்புட் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ்தான் சரி. அது இல்லாவிட்டால் நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். பதியும்போது ஒலியின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் இருக்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியை எந்தக் கம்ப்ரஸ்ஸராலும் சரி செய்ய முடியாது.

பதிந்ததைத் தேர்வு செய்து கண்ட்ரோல் + டி அழுத்தினால் இன்னொரு நகல் கிடைக்கும். நகலில் மட்டும் கம்ப்ரஸ்ஸரைப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவு உரக்கக் கேட்கும்படி வைப்பது முக்கியம். எது சற்று உரக்க இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாக நம் காது நம்பிவிடும். பெடல் விளம்பர வீடியோக்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?

சாதாரண மாண்டலினில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 5 தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு அதில் கமகங்களை இழைத்தார். கமகத்திற்கு ஒலி நீள வேண்டும். கிதாரில் மெதுவான ராகம் வாசிப்பவருக்கு, அடங்கப் போகும் ஒலியைத் தாங்கிப் பிடிக்கக் கம்ப்ரஸ்ஸர் நிச்சயம் உதவும்.

ஆனால் புதுக்கோட்டை என்றால் மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெயர் பெற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875-1936) நினைவுக்கு வர வேண்டாமா? தாள வாத்தியத்தில் மெல்லிய தட்டுக்கும் ஓங்கிய அடிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதி சங்கீதம் இருக்கிறது. கம்ப்ரஸ்ஸர் கை வைப்பது அதே வித்தியாசத்தில்தான். எனவே கற்றுக்கொள்பவர்கள் பயிற்சி நேரத்தில் அதை அணைத்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஸ்வரம் பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் விழுந்தால், கம்ப்ரஸ்ஸர் அதைச் சமமாக்கி மறைத்துவிடும். விரல் திருந்தாது, திருந்தவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது.

பிறகும் வேண்டும் என்றால்

தாராளமாக வாங்குங்கள். 1986-ல் வந்த பாஸ் சி.எஸ்-3 பெடலில் லெவல், டோன், அட்டாக், சஸ்டைன் என்று 4 குமிழ்கள். எம்.எக்ஸ்.ஆர். டைனா காம்ப்பில் அவுட்புட், சென்சிட்டிவிட்டி என்று இரண்டே. த்ரெஷோல்ட், ரேஷியோ என்ற பெயர்கள் இவற்றின் மேல் இல்லை. கம்ப்யூட்டரில் எண்களாகப் பார்த்தவருக்கு சஸ்டைனையோ சென்சிட்டிவிட்டியையோ கூட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரியும். பார்க்காதவர் குத்துமதிப்பாகத் திருகிக்கொண்டிருப்பார்.

ஓவர்டிரைவ் பெடல் இருந்தால் கம்ப்ரஸ்ஸரை அதற்கு முன்னால் வையுங்கள். ஓவர்டிரைவே ஒலியை ஓரளவு சமமாக்கும் என்பதால், எப்போதும் அதை மிதித்தே வாசிப்பவருக்குக் கம்ப்ரஸ்ஸர் பெரும்பாலும் தேவைப்படாது. 9 வோல்ட் அடாப்டர் வாங்கும்போது முனையின் நடுப்பகுதி மைனஸா என்று பாருங்கள். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் செருகிப் புதுப் பெடலைப் பாழாக்க வேண்டாம்.

ஒரு வாரம் ஆடாசிட்டியில் கேளுங்கள். இரண்டு டிராக்குகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், அந்தப் பணத்தில் நல்ல தந்தி செட்டுகள் சில வாங்கிக்கொள்ளுங்கள்.