அலங்காரம் என்னும் வசைச்சொல்

'வெறும் அலங்காரம்தானே' என்று கூறி, பழைய தேவாலயங்களின் வளைகூரை விலாக்களை மறைத்துப் பொய்க்கூரை பொருத்தும் போக்கைக் கயத்தாற்றுப் பக்கத்திலும் காண்கிறோம்; கண்டிக்கிறோம்.

கோதிக் வளைகூரையில், தூணைத் தொடாமல் விலாவோடு விலாவைப் பிணைக்கும் சிறு விலா உண்டு. 'கட்டுதல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்த லியெர்ன் என்பது அதன் பெயர். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர், ஈலி பேராலயங்களில் அது வலைக்கோலமாய் விரிந்தது. அதை நீக்கினால் கூரை விழாது, மறுக்கவில்லை. முதன்மை விலாக்களே சுமை தாங்குகின்றனவா என்று 1934இல் போல் ஆப்ரகாம் ஐயுற்றார். அதற்காக யாவற்றையும் மூடிவிடலாமா?

'மரத்தை' என்பதில் வரும் 'அத்து'ச் சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை. அதை நீக்கி 'மரமை' என்று சொல்லிப் பாருங்கள்! தொல்காப்பியர் சாரியையை ஒதுக்கவில்லை, விதி வகுத்தார். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் சாரியைகளை ஆராய்ந்த கால்டுவெல்தான், இடையன்குடியில் கோதிக் பாணி ஆலயத்தை எழுப்பி 1880இல் நிறைவு செய்தார்.

பொருளற்றது வேறு; பயனற்றது வேறு. இவ்வேறுபாடு அறியாதோர் கையில் சுத்தியலைக் கொடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.