கரையைப் பார்த்த பிறகே தண்ணீர்!

விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழிக்குப் பக்கம் இருக்கிறது நரிக்குடி. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும். ஆகவே மழைக்கு முன்பே விவசாயிகள் கரையில் நடந்து பார்ப்பார்கள். எலி வளை இருக்கிறதா? மடை பழுதாகி விட்டதா? தண்ணீர் வந்த பிறகு பார்த்துப் பயன் இல்லை. ஒரு சிறு வளை போதும். கரையே உடைந்து போகும்!

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான்.

21-வது எங்கே?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சென்னை விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்கள் முடங்கி விட்டன! சென்னையில் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்து விட்டன. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் திணறின.

காரணம் திருடன் அல்ல, காவல்காரன்! கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் "கிரவுட்ஸ்டிரைக்" என்ற அமெரிக்க நிறுவனம் அன்று புதிய விவரம் ஒன்றை அனுப்பியது. அதன்படி 21 தகவல்களைப் பார்க்க வேண்டும். புரோகிராமின் கையில் இருந்ததோ 20 தான். இல்லாத 21-வதைத் தேடிப் போனது. கம்ப்யூட்டர் நின்றது.

78 நிமிடத்தில் தவறு நிறுத்தப்பட்டது. ஆனால் ஏற்கனவே விழுந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகச் சரி செய்ய வேண்டியிருந்தது.

ஓட்டாமலே சோதனை

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளை. அதை ஓட்டிப் பார்ப்பது ஒரு சோதனை. ஆனால் ஓடிய வழியில் உள்ள குற்றம் மட்டுமே அதில் தெரியும்.

மற்றொரு சோதனை உண்டு. ஓட்டாமலே, எழுதியதை வரி வரியாகப் படித்துக் குறை சொல்லும் புரோகிராம்கள் இருக்கின்றன. 20 பேர் உள்ள பட்டியலில் 21-வது ஆளைத் தேடுவது, மதிப்புக் கொடுக்காமலே கணக்குப் போடுவது போன்ற பல தவறுகளை முன்கூட்டியே காட்டும்.

1970-களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் இப்படி ஒன்றை எழுதினார். பெயர் "லிண்ட்". துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு என்று பொருள். அருப்புக்கோட்டை நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

யார் கேட்பது?

இந்தக் கருவிக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கக் கூடாது. கூலி 300 என்பதை 200 என்று எழுதினால், அதற்குத் தெரியாது. குற்றம் இல்லாத இடத்திலும் சில சமயம் கூச்சல் போடும். அலுத்துப் போய் மனிதன் காதை மூடிக்கொண்டால், உண்மையான எச்சரிக்கையும் வீணாகும்.

விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனம், புரோகிராம் தயாராகும்போதே எண்ணிக்கையைச் சரிபார்க்க ஏற்பாடு செய்தது. அதை முன்பே செய்திருந்தால்?

இன்று ரேஷன் கடையிலும் கம்ப்யூட்டர், பாங்கிலும் கம்ப்யூட்டர். அது நின்றால், வெறும் பையுடன் வீடு திரும்புகிறவர் ஏழைதான். கரையைப் பார்க்க ஒரு நாள் கூலி போதும். உடைப்பை அடைக்கவோ ஊரே திரள வேண்டும்!