மாங்காய்க் கரையும் பெயிஸ்லி நகரமும்

நம் வீட்டு அலமாரியில் மாங்காய்க் கரை போட்ட சேலை ஒன்றாவது இருக்கும். அம்மா அதை 'மாங்காய் டிசைன்' என்பார். அதே வடிவம் பேரங்காடியில் விற்கும் கழுத்துத் துண்டிலோ கைப்பையிலோ வந்துவிட்டால் அதன் பெயர் 'பெயிஸ்லி'. பெயிஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊர். அங்கே மாமரம் வளராது. காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து அந்த ஊர் நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் போலவே நெய்து உலகெங்கும் விற்றார்கள். விற்ற ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. வடிவம் பிறந்த மண்ணின் பெயர் சந்தையில் மறைந்துவிட்டது.

இதைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கோபம் வரும். 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே!' என்று மார்தட்டவும் தோன்றும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபமும் பெருமையும் மட்டும் இருந்தால் நம் கையில் மிஞ்சுவது என்ன என்பதே என் கேள்வி. பூவும் கொடியும் பறவையும் நிறைந்த பிரிட்டிஷ் அச்சுத் துணிகள்மேல் எனக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. அவற்றின் கதையைத் தேடிப் படிக்கப் படிக்க ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு கைவேலை வாழ்வதற்கு அது எங்கே பிறந்தது என்ற பெருமை போதாது. அதை யார் எழுதி வைத்தார்கள், எந்த வீட்டில் இன்னும் செய்கிறார்கள் என்பவையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து பூ வரைந்த பருத்தித் துணிகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றன. 'சின்ட்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தத் துணியைக் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். துவைத்தாலும் அதன் வண்ணம் போகவில்லை. அதற்குக் காரணம் நம் கரையோரத்துச் சாயத் தொழிலாளர்களின் அறிவு. படிகாரக் கரைசலால் வரைந்த இடத்தில் சாயவேரின் சிவப்பு பற்றிக்கொள்ளும். இரும்புக் கரைசலால் வரைந்த இடம் கறுக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இது வேதியியல் அன்றி வேறென்ன?

இந்தத் துணியின் வருகையால் இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1700இல் நாடாளுமன்றம் ஆசிய நாடுகளின் அச்சுத் துணிகளுக்குத் தடை விதித்தது. வெள்ளைப் பருத்தித் துணி வரலாம், அதில் இங்கேயே அச்சடிக்கலாம் என்ற வழி மட்டும் திறந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் அச்சுத் தொழில் வளர்ந்தது. 1719இல் ஆத்திரமடைந்த நெசவாளர்கள் பருத்தி ஆடை அணிந்த பெண்களைத் தெருவிலேயே தாக்கினார்கள். 1721இல் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்துவதற்கே தடை வந்தது. அது 1774இல்தான் நீங்கியது. அதற்குள் அவர்கள் லினன் கலந்த துணிகளில் அச்சடித்துத் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1783இல் தாமஸ் பெல் என்பவர் உருளை அச்சு இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதன்பின் கையால் வரைபவர் இயந்திரத்தோடு போட்டியிட முடியுமா?

இந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்தவை இரண்டு பதிவுகள். ஒன்று, 1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதம். உள்ளூர்ச் சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட செய்முறையைப் படிப்படியாக அதில் விளக்கினார். மற்றொன்று, 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் தொகுத்த இந்தியத் துணி மாதிரிகள். 18 தொகுதிகள், 700 துணித் துண்டுகள். இப்படி 20 படிகள் செய்து, 13ஐப் பிரிட்டனுக்குள்ளும் 7ஐ இந்தியாவிலும் வைத்தார்கள். இந்தியர் விரும்பும் துணி எது என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. எழுதியவரின் பெயரையும் தொகுத்தவரின் பெயரையும் உலகம் அறியும். அந்தத் துணிகளுக்குச் சாயமிட்டவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் அறிவோமா?

இந்த ஆலைத் துணிகளின் அவசரத்தைக் கண்டு வெறுத்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். அவர்தான் வில்லியம் மோரிஸ். அருங்காட்சியகத்தில் இருந்த இந்திய, பாரசீகத் துணிகளை அவர் ஊன்றிப் படித்தார். தாமஸ் வார்டில் என்பவரின் சாயப் பட்டறையில் இறங்கி, கைகள் நீலமாகும்வரை அவுரிச் சாயம் பழகினார். 1883இல் அவர் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்ற துணி இன்றும் அச்சாகிறது. தம் வீட்டுத் தோட்டத்தில் பழம் திருடித் தின்ற பறவைகளையே அவர் அதில் வரைந்தார். செய்த விதமும் சாதாரணமானதன்று. முழுத் துணியையும் முதலில் நீலமாக்கி, மர அச்சில் வெளுப்பு மருந்தைத் தொட்டு வேண்டிய இடங்களில் நீலத்தை நீக்கி, பிறகு சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினார்கள். எளிய மக்களின் வீட்டிலும் அழகு வேண்டும் என்று பேசியவர் அவர். ஆனால் அவர் துணியைப் பணக்காரர்களால்தான் வாங்க முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மோரிஸின் மகள் மே மோரிஸ் 1885இல் தம் 23ஆம் வயதில் நிறுவனத்தின் பூத்தையல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கிட்டத்தட்ட நம் வயதுதான்! துணியில் படத்தை வரைந்து, நூலோடு சேர்த்து விற்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது. வாங்கியவர் வீட்டில் அமர்ந்து தைத்து முடிக்கலாம். கடைத் துணி இப்படித்தான் வீட்டுக் கைவேலையாக மாறியது. பின்னாளில், கலைஞர் சங்கம் ஒன்று பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத நிலையில், 1907இல் பெண்களுக்கென்றே ஒரு கலைச் சங்கத்தை மே மோரிஸ் தொடங்கினார்.

பிரிட்டனில் அச்சுத் துணி கடையோடு நின்றுவிடவில்லை. சட்டை தைத்து மிஞ்சிய துண்டுகள் வீட்டில் போர்வையாகும். காகித அச்சின்மேல் துணியை மடித்துத் தைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை அங்கே பழமையானது. 1718 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட பட்டுப் போர்வை ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. சில பழைய போர்வைகளின் உள்ளே அந்தக் காகிதங்கள் அப்படியே இருக்கின்றன. பழைய கடிதமும் செய்தித்தாளுமாக இருக்கும் அவற்றை வைத்தே போர்வையின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

பண்டிகை வந்தால் இந்தத் துண்டுகளுக்குப் புது வேலை கிடைக்கும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் சிறு இதயங்களும் பறவைகளும், பரிசுப் பொருள் போடத் துணிக் காலுறைகள், டிசம்பர் நாள்களை எண்ண 24 பைகள் தைத்த சுவர்த்துணி, முக்கோணத் துண்டுகளை நாடாவில் கோத்த தோரணம் எனப் பலவும் உருவாகும். பண்டிகை முடிந்ததும் பெட்டியில் வைத்து, மறு ஆண்டு எடுப்பார்கள். 'இது பாட்டியின் பழைய கவுன் துணி' என்று பேச்சும் கூடவே வரும். இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கிய துணிப் பங்கீடு 1941 முதல் 1949 வரை இருந்தது. 1943இல் பழையதைத் தைத்துப் பயன்படுத்தும்படி அரசாங்கமே கையேடு வெளியிட்டது. 2020 மே 8ஆம் நாள், ஐரோப்பியப் போர் வெற்றியின் 75ஆம் ஆண்டு நினைவு வந்தபோது நோய்த்தொற்றால் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தனர். அன்று பல வீட்டுச் சன்னல்களில் கையால் செய்த தோரணங்கள் தொங்கின. அங்கும் எல்லாக் குடும்பமும் இப்படிச் செய்வதில்லை. கடையில் வாங்குவோரும் நிறைய உண்டு. ஆனாலும் வேண்டும்போது செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

நம் நிலை என்ன? தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ஆசிரியர் தினத்துக்கு நாங்கள் வண்ணத் தாளை வெட்டி, பசை தடவிச் சங்கிலி செய்வோம். பிரிட்டிஷ் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் அதே சங்கிலிதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்னங்குருத்தில் கிளி முடையவும் அங்கேதான் பார்த்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் அந்த வேலை கைவிட்டுப் போனது. பல்கலைக்கழகத்தில் தீபாவளி விழா நடத்துகிறோம். மேடையில் நெகிழித் தோரணம், வாசலில் ஒட்டும் கோலம். மேடையில் நின்று 'நம் கலை உலகுக்கே முன்னோடி' என்று பேசுகிறோம். பேச்சுக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் பார்த்தீர்களா?

'படிப்புக்கே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?' என்று நண்பர்கள் கேட்பது புரிகிறது. ஆண்டு முழுவதும் செய்யச் சொல்லவில்லை. பண்டிகைக்கு முந்திய ஒரு மாலைப் பொழுது போதும். 'இவையெல்லாம் பெண்கள் வேலை' என்றும் சிலர் ஒதுங்குவர். சோழமண்டலக் கரையிலும் மோரிஸின் பட்டறையிலும் ஆண்கள் சாயத்தில் கை நனைத்தார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 'அடிமைப்படுத்தியவனிடமா கற்பது?' என்பது மூன்றாவது கேள்வி. தடைச் சட்டத்தையும் 700 துணித் துண்டுகளையும் நாம் மறக்க வேண்டாம். அவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்வோம். ஆனால் நம்மிடம் கற்றவர்களிடமிருந்து, எழுதி வைக்கும் பழக்கத்தையும் குடும்பமாக அமர்ந்து செய்யும் பழக்கத்தையும் நாம் கற்பதில் இழிவு ஒன்றுமில்லை.

இந்த நாட்டிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மலாய் நண்பர்கள் வீட்டில் உடுத்தும் 'காயின் பெலிகாட்' கைலியின் பெயர் பழவேற்காட்டிலிருந்து வந்தது. அந்தத் துறைமுகத்தின் துணி கடல் கடந்து வந்து, இன்னொரு சமூகத்தின் அன்றாட உடையானது. அவர்கள் அதை விடாமல் உடுத்துவதால்தான் அந்த ஊர்ப்பெயர் இன்றும் இங்கே ஒலிக்கிறது.

என் பாட்டிக்கு இப்போது முழங்கால் வலி. குனிந்து கோலம் போட முடிவதில்லை. சென்ற பள்ளி விடுமுறையில் அவரைப் பக்கத்தில் அமரவைத்து, அவர் சொல்லச் சொல்லத் தாளில் வரைந்தேன். ஊடுபுள்ளி, 7இல் தொடங்கி 4 வரை, மொத்தம் 37 புள்ளி. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்ததாம். அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தாளின் கீழே எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேர வேலை. அதைச் செய்யாவிட்டால், அந்தக் கோலம் பாட்டியோடு முடிந்திருக்கும்.

ஆகவே சங்கத்து நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வரும் விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கைவேலையைக் கேட்டு எழுதுங்கள். கோலமோ, குருத்தோலைத் தோரணமோ, பூக்கட்டும் முறையோ, எதுவாயினும் சரி. யார் கற்றுக்கொடுத்தார், எந்த ஊர், என்னென்ன பொருள், எத்தனை புள்ளி என்ற விவரங்களுடன் ஒரு பக்கம் போதும். சங்க அறையில் ஒரு கோப்பில் சேர்ப்போம். இரண்டு, அடுத்த தீபாவளி விழாவுக்கு நெகிழித் தோரணம் வாங்க வேண்டாம். வீட்டில் கிழிந்து கிடக்கும் பழைய சேலைகளைக் கொண்டு வாருங்கள். முக்கோணமாக வெட்டி நாடாவில் தைப்போம். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும். மாங்காய்க் கரை உள்ள சேலையாக இருந்தால் இன்னும் நல்லது.