டப்பா மேல இருக்கிற எம்பிபிஎஸ்ஸை நம்பாதீங்க

செமஸ்டர் லீவுல ஊருக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கல, அப்பா ஆரம்பிச்சுட்டாரு. "இந்த வைஃபை டப்பாவை மாத்தணும். நல்லதா ஒண்ணு பாரு." கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சா ரூட்டர்லேர்ந்து மிக்ஸி வரைக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை உண்டு இல்லையா :-)

சரி, ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டதுல புரிஞ்சதை எழுதறேன். என் கருத்து இதுதான்: ரூட்டரை அது எவ்வளவு வேகமா ஓடும்னு பார்த்து வாங்கக் கூடாது. மோசமான நாள்ல எப்படி நடந்துக்கும்னு பார்த்துத்தான் வாங்கணும்.

முதல்ல வீட்டு நிலவரம். மொத்தம் எட்டு பேர். அப்பாவும் சித்தப்பாவும் தறி நெய்றாங்க. முந்தி எப்படி விழுந்திருக்குன்னு வீடியோ எடுத்து காஞ்சிபுரம் கடைக்காரருக்கு வாட்ஸப்ல அனுப்பணும், கலர் சரியில்லைன்னா அவர் உடனே சொல்லுவாரு. பாட்டிக்கு விட்டுப்போன சீரியல். தம்பிக்கு கேம். அக்கா சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வீட்லேர்ந்தே வேலை பார்க்கிறா. போன், டிவி, லேப்டாப், வாசல் கேமரான்னு எண்ணிப் பார்த்தா 14 கருவி.

பிரச்சினை அக்காவுக்குத்தான். மீட்டிங்ல அவ குரல் அறுந்து அறுந்து போகுது. ஒரு நாள் மேனேஜர் சொல்லிட்டாராம், "நெட் சரியில்லைன்னா ஆபீசுக்கே வந்துடுங்க"ன்னு. அவ சென்னையில ஹாஸ்டல்ல தங்கினா சம்பளத்துல பாதி அங்கயே போயிடும். என் காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளத்துலேர்ந்துதான் வருது. அதனால இது எனக்கு வெறும் டப்பா விஷயம் இல்ல.

எல்லாரும் பண்றதைத்தான் நாங்களும் முதல்ல பண்ணினோம். 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினோம். ஒரு மாற்றமும் இல்ல! வீடியோ காலுக்கு நாலு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அப்புறம் ஏன் அறுந்து போகுது?

பதில் எங்க ஊர் பேர்லயே இருக்கு. திருமுக்கூடல். (திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடல் வேற.) பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். வருஷத்துல பாதி நாள் வெறும் மணல்தான், குறுக்கே நடந்தே போயிடலாம். ஆனா 2021 நவம்பர்ல பாலாறு பொங்கி வந்தப்போ பார்த்தவங்களுக்குத் தெரியும், மழையில்லாத நாளை வெச்சு ஆத்தை எடை போடக்கூடாது. வீட்டு நெட்டும் அப்படித்தான். நாள் முழுக்க சும்மா கிடக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல வரும்போது சேர்ற இடத்துல என்ன நடக்குதுங்கறதுதான் விஷயம். அந்த இடம்தான் ரூட்டர்.

நடக்கிறது இதுதான். எங்க பிளான்ல இறக்கம் 200 ஆச்சே தவிர, ஏத்தற வேகம் அதே 10 எம்பிபிஎஸ்தான். அப்பா சேலை வீடியோவை ஏத்தறாரு. லைன் தாங்கறதைவிட வேகமா வர்ற பாக்கெட்டை எல்லாம் டப்பா தூக்கி எறியாம தன் நினைவகத்துல வரிசையா அடுக்கி வெச்சுக்குது. வரிசையில 1 எம்பி சேர்ந்துட்டாலே, அது 10 எம்பிபிஎஸ் வழியா வெளியேற 0.8 செகண்ட் ஆகும். அக்காவோட குரல் அந்த வரிசைக்குக் கடைசியில நிக்குது. ரேஷன் கடையில ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவங்க, மூட்டை அரிசிக்காரங்க பின்னாடி நிக்கற கதை.

இதுக்கு ஜிம் கெட்டிஸ்ங்கறவர் 2010 வாக்குல பஃபர்புளோட்னு பேர் வெச்சாரு. 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு தீர்வு சொன்னாங்க. அதோட அடுத்த வடிவம் எஃப்க்யூ-கோடெல். ஒவ்வொருத்தர் போக்குவரத்துக்கும் தனித்தனி வரிசை, தீப்பெட்டிக்காரங்க சீக்கிரம் வாங்கிட்டுப் போயிடலாம். 2018லயே இது முறைப்படி ஆவணமா வந்தாச்சு. ஆனா கடையில போய் "எஸ்க்யூஎம் இருக்கா?"ன்னு கேட்டா முழிக்கிறாங்க. டப்பா மேல அந்த வார்த்தையே இருக்காது.

டப்பா மேல இருக்கிறது என்ன? ஏஎக்ஸ்1500னு பெரிசா போட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ்ல 1201, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, ரெண்டையும் கூட்டி ஒரு நம்பர். எந்த ஒரு போனுக்கும் அந்த 1500 கிடைக்கப் போறதில்ல. ஏசி1200னு போட்ட சில ரூட்டர்களைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி இருக்கிற போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 200 பிளான் போட்டு அதுல கொண்டுபோய் சொருகினா எப்படி? ஆன்டெனா எண்ணிக்கையும் அதே கதைதான். ஆறு கொம்பு இருக்கிறதால மாடு அதிகமா பால் கறக்காது.

அப்புறம் இடம். எங்க வீட்ல லைன் போட வந்தவர், வயர் எங்க உள்ள வந்துச்சோ அங்கயே, டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ பக்கத்துல மாட்டிட்டுப் போயிட்டாரு. பழைய வீடு, சுவரெல்லாம் தடி. 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு சுவரைத் தாண்டறதே பெரிய விஷயம். தூரத்துல சிக்னல் இல்லாம தத்தளிக்கிற ஒரு போன் மத்தவங்க நேரத்தையும் சேர்த்துத் தின்னுடும். அதனால ரூட்டரை கூடத்து நடுவுல உசரத்துல மாட்டினோம். டிவிக்கும் அக்கா லேப்டாப்புக்கும் கேபிள் இழுத்துட்டோம். நகராத கருவிக்கு எதுக்கு வைஃபை?

ரெண்டாவது மோசமான நாள், கரண்ட் போற நாள். இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடியில ரூட்டர் அணைஞ்சு மறுபடி எழுந்து வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகுது. மீட்டிங் காலி. இதுக்கு மினி யுபிஎஸ்னு ஒண்ணு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்குது. வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்கணும். ஃபைபர் டப்பாவுக்கும் ரூட்டருக்கும் ரெண்டுக்குமே வேணும். ஒண்ணு உயிரோட இருந்து இன்னொண்ணு செத்தா பிரயோஜனம் இல்ல.

மூணாவது, திருடன் வர்ற நாள். 2016ல மிராய்ங்கற மால்வேர் உலகம் பூரா கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடிச்சுது. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, கம்பெனி வெச்ச பாஸ்வேர்டை அப்படியே போட்டுப் பார்த்துச்சு, அவ்வளவுதான். நம்ம நாட்லயும் 2017 ஜூலையில பிஎஸ்என்எல் மோடம்கள் மேல மால்வேர் தாக்குதல் நடந்துச்சு. அதுலயும் 'அட்மின்'ங்கற பழைய பாஸ்வேர்டை மாத்தாத மோடம்கள்தான் மாட்டுச்சு. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்லேர்ந்து ஒரு சட்டம்: எல்லா கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விக்கக் கூடாது, எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு சொல்லியாகணும். நாமளும் அதையே கேட்டு வாங்கலாமே! ரூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி தயாரிப்பாளர் தளத்துல அந்த மாடலுக்குக் கடைசி அப்டேட் எப்போ வந்துச்சுன்னு பாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னா வேண்டாம்.

நான் என்ன வாங்கினேன்? ஓபன்டபிள்யூஆர்டி ஏத்தக்கூடிய ஒரு சாதாரண ரூட்டர். 2004ல ஆரம்பிச்ச திறமூல மென்பொருள் அது, இன்னிக்கும் அப்டேட் வருது. மாடல் பேர் மட்டும் பார்த்தா போதாது, அடியில ஒட்டியிருக்கிற வெர்ஷன் நம்பரும் பட்டியல்ல இருக்கணும். எஸ்க்யூஎம் போட்டு, லைன் வேகத்துல 90 சதவீதம்னு வரம்பு வெச்சேன். முன்னாடி அப்பா வீடியோ ஏத்தும்போது பிங் 700 மில்லிசெகண்ட் வரைக்கும் எகிறும். இப்போ 40ஐத் தாண்டல. பிளானையும் பழையபடி 100க்கே இறக்கிட்டோம்!

கம்பெனி குடுக்கிற டப்பா போதாதான்னு கேப்பீங்க. ரெண்டு மூணு பேர் இருக்கிற வீட்டுக்குப் போதும். பாஸ்வேர்டை மாத்தி, பீரோ பக்கத்துலேர்ந்து நகர்த்தி வைங்க, பாதி வியாதி போயிடும்.

கடைசியா ஒண்ணு. எங்க ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஏறக்குறைய 1069. இங்க நடந்த 15 படுக்கை ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதியிருக்கு. (எங்க ஊருக்கு எம்பிபிஎஸ் அப்பவே வந்தாச்சு, ஹி ஹி.) அதுல மருத்துவர் யாரு, அறுவை பண்றவருக்கு எவ்வளவு நெல்லு, மூலிகை கொண்டு வர்றது யாருன்னு வரிசையா இருக்கு. ஒரு இடம் நாளைக்கும் ஓடணும்னா யார் என்ன பார்த்துக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. நானும் ரூட்டருக்குப் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: பாஸ்வேர்ட் மாத்தின தேதி, அப்டேட் போட்ட தேதி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி. லீவு முடிஞ்சு நான் போனப்புறம் தம்பி பொறுப்பு.

அக்கா இப்போ உள்ள மீட்டிங்ல இருக்கா. அப்பா வீடியோ ஏத்திக்கிட்டிருக்காரு. இதுவரைக்கும் சத்தம் ஒண்ணும் வரல.