மணலில் பழகியது போதாது

கற்பிட்டிப் பக்கம் வளர்ந்த எங்களில் பலருக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். தென்னந்தோட்டத்து மணல் ஒழுங்கைகளில் வாப்பாவோ காக்காவோ பின்னால் பிடித்துவிடப் பழகியதுதான். ஆனால் பாலாவி வீதியில் ஏறப்போகிறேன் என்றால், "வேண்டாம், பொம்பிளைப் பிள்ளை" என்கிறார்கள். பயம் நியாயமானது, சொல்லும் காரணம்தான் பிழை.

மணல் கற்றுத்தருவது வேறு பாடம். அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு சறுக்கி விழுத்திவிடும். அதனால் பின் பிரேக்கையே நம்பப் பழகுகிறோம். தார் வீதியிலோ வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பழைய பழக்கத்தோடு போனால், முன்னே செல்லும் லொறி திடீரென நிற்கும்போது இடைவெளி போதாது. கண்ணாடி பார்ப்பது, சிக்னல் போடுவது எல்லாம் ஒழுங்கையில் தேவைப்பட்டதே இல்லை. அபாயாவின் விளிம்பு சில்லில் சிக்காமல் ஒதுக்கிக்கொள்வதும் ஒரு பாடம். அதை ஆண் பயிற்றுநர்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள், ராத்தாமார்தான் சொல்லித்தர வேண்டும்.

மகனுக்கு 18 வயதானதும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுக்கும் வீடுகள், மகளை மணலோடு நிறுத்திவிடுகின்றன. பிறகு ஓர் அவசரம் என்றால் பத்திரமில்லாத அவளையே மருந்து வாங்கவும் அனுப்புகின்றன. சவூதி அரேபியாவே 2018 ஜூனில் பெண்கள் வாகனம் ஓட்ட வழிவிட்டது. மோட்டார் சைக்கிளும் அதில் அடக்கம்.

வாப்பாமாரே, பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்துத் தாருங்கள். வாகனம் குறைந்த காலை நேரத்தில் முறையாகப் பழக விடுங்கள். ஹெல்மெட்டையும் எங்கள் தலைக்கு அளவாக வாங்குங்கள். காக்காவுடையது ஸ்கார்ஃபுக்கு மேல் ஆடுகிறது.