டாக்டர்களின் சிதம்பர ரகசியம்



கோயிலில் அர்ச்சகர் நமக்கு விளங்காத பாஷையில் முணுமுணுக்கின்றார். நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றோம். ஏன் என்று கேளுங்கள் என்றுதான் நம் இயக்கம் இத்தனை காலமாகத் தொண்டை கிழியக் கத்தி வருகின்றது. சிதம்பரம் கோயிலின் சிற்றம்பல மேடையில் தமிழில் தேவாரம் பாடுவதற்கு 2008ஆம் வருஷத்தில் சர்க்கார் உத்தரவும் போலீஸ் காவலும் வேண்டியிருந்தன. அங்கே திரையை விலக்கிக் காட்டப்படும் 'ரகசியம்' வெறும் வெட்டவெளி என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் அதே சிதம்பரத்திலாகட்டும், கடலூரிலாகட்டும், ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்தவுடன் நம்மில் எத்தனை பேர் பழையபடி கையைக் கட்டிக்கொள்கின்றோம்?

வைத்தியம் மந்திரமல்ல, சோதித்து ருஜுவான அறிவாகும். மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகையால் அர்ச்சகர் சொல்லமாட்டார். மருந்துக்கு அர்த்தம் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கின்றோம்.

எனக்குத் தெரிந்த குடியானவர் ஒருவர், கடலூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். தலைவலி என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தக் கொதிப்பு என்று ஒரு மாதத்து மாத்திரையும், இங்கிலீஷில் எழுதிய சீட்டும் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, தலைவலியும் இல்லை, குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். இந்த நோய் வலிக்காமலே இருந்து கெடுக்கும், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டார் 'விதி' என்றார்கள்; ஜோசியன் 'சனி' என்றான். விதியுமல்ல, சனியுமல்ல, சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்!

பிறகு அந்த வீட்டார் போனது ஒரு மந்திரவாதியின் திண்ணைக்கு. ஏனென்றால் அவன் உட்காரச் சொன்னான். ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டான். டாக்டர் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில்தான் மோசக்காரன் வாயைத் திறக்கின்றான். டாக்டரின் மௌனமே அவனுக்கு முதலீடு.

நிற்க, டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. 67 தேசங்களின் கணக்கை ஆராய்ந்து 2017இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை வெளியிட்டபடி, ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் நேரம் சுவீடனில் 22½ நிமிஷம். இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். வங்காள தேசத்தில் 48 வினாடி! ஆதலால் பழி முழுவதையும் டாக்டர் தலையில் போடுவது நாணயமாகாது. போதிய டாக்டர்களையும் நர்சுகளையும் வைப்பது சர்க்காரின் கடமை. ஆனால் ஏழையிடம் "உனக்குச் சொன்னால் புரியுமா?" என்று எரிந்து விழுகிறவருக்கு, காரில் வந்து இறங்குகிறவரை உட்காரவைத்துப் பேச மாத்திரம் நேரம் எங்கிருந்து வந்தது?

தமிழில் சொல்ல முடியாதென்பதும் வெறும் சாக்கு. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், 1860களிலேயே மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அன்னியருக்கு வந்த தமிழ், அண்ணாமலை நகரிலும் மற்ற ஊர்களிலும் டாக்டருக்குப் படித்து வரும் நம் பிள்ளைகளுக்கு வராதா?

நோயாளியிடம் பேசும் முறை 2019 முதல் இந்தியாவில் டாக்டர் படிப்பில் ஒரு பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றது. நோயாளி கேட்டால் அவருடைய சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. சிகிச்சை இன்னது, அதன் நன்மை இன்னது, ஆபத்து இன்னது, வேறு வழி இன்னது என்று விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008இல் தீர்ப்பளித்திருக்கின்றது. விளங்காத காகிதத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதமாகாது.

ஆகவே தோழர்களே, ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலே கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன நோய்? இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு? நிறுத்தினால் என்ன ஆகும்? மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் பதில் விளங்கும்வரையில் எழுந்திருக்காதீர்கள். நல்ல டாக்டர் மகிழ்ச்சியோடு சொல்லுவார். கோபிக்கிறவர் அர்ச்சகர் வேலைக்குப் போக வேண்டியவர்!

கடவுளையே 'ஏன்' என்று கேட்டவர்கள், டாக்டரிடம் கேட்கக் கூசலாமா?